நீ முதலில் நிறுத்திய கார்

மகனே,

உன் பஸ் தம்புள்ளை ரோட்டில் திரும்பி மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டுப் பார்சல வெயில் பக்கமா வச்சிட்டான், கெட்டுப் போயிடும்" என்று அதையே மூன்று தடவை சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. சுகம் விசாரிக்க நான் பேனா எடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இது, நாலு வரி எழுதினாலே விரல் பிடித்துக்கொள்கிறது. இருந்தாலும் இந்தக் கடிதம் நீளமாகத்தான் போகும். நீ அநுராதபுரத்தில் சாமான் எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ஆறுதலாக உட்கார்ந்து வாசி. பக்கத்து ரூம்காரன் எட்டிப் பார்த்தால் மறைக்காதே, அவனுக்கும் வாசித்துக் காட்டு. ஊருக்கே தெரியவேண்டிய விஷயம்தான்.

நீ பஸ்ஸில் கால் வைக்கிற நேரம் நம்ம ஹயர் கார் ஸ்டாண்ட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வழியனுப்ப வந்து நின்றார்களே, அப்போது நான் எப்படி நின்றேன் என்று கவனித்தாயா? காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். ஹயர் கார் ஓட்டுகிறவன் மகன் கவர்மெண்ட் வாகனப் பரிசோதகராகப் போகிறான், அதுவும் சிங்களத்தில் பரீட்சை எழுதி, நூற்றுக்கணக்கான பேரைத் தள்ளிக்கொண்டு. என் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, ஸ்டாண்டில் எனக்கு அடுத்த இடத்தில் கார் போடுகிற காசிம் நானா உன் தோளில் தட்டி, "பாத்து மகன்! அங்க போயும் நல்ல காருக்கு அடியில படுத்துக்கிட்டு, எழும்பமாட்டேன்னு அடம் புடிச்சிறாதீங்க!" என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன், மகனே. ஆறு வருஷமாக அவர்கள் அந்தப் பகிடியைச் சொல்வதும் நான் கூடச் சேர்ந்து சிரிப்பதுமாகவே போய்விட்டது. அதில் சிரிக்க ஒன்றுமேயில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று இன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் தங்கச்சி ரெஜினாவின் கல்யாணத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நம்ம ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருப்பது உனக்குத் தெரியும். ஸ்டாண்ட் டிரைவர் ஒருவனின் மகளுக்குக் கல்யாணம் என்றால், அன்றைக்கு ஒரு காரும் வாடகைக்கு ஹயர் ஓடாது. எல்லாம் வரிசையாகப் பெண்ணுக்குப் பின்னால் வரும். முதல் கார் பெண்ணைப் பெற்றவனுடையது, ஓட்டுகிறவனும் அவன்தான். அவனை யாரும் முந்தக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் எல்கடுவ தோட்டத்தில், அங்கிருக்கும் சின்ன மாதா கோயிலில்தான் தாலி கட்டவேண்டும் என்று சொன்னபோது அம்மா, "அவ்வளவு தூரமா மலை ஏறணும்?" என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கோ உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. மாத்தளை டவுனுக்குள் கால் மைல் ஓடுவதை விட, பின்னால் பத்துக் காரை இழுத்துக்கொண்டு அந்த வளைவெல்லாம் ஏறினால் தோட்டம் முழுக்க லயத்து வீட்டு வாசலில் நின்று பார்க்குமே என்று கணக்குப் போட்டேன். ரெஜினா பிறந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான், பொய் சொல்லவில்லை.

ஆனால் கார் அப்போது சரியில்லை. உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, உன் பக்கத்து ரூம்காரனுக்காகச் சொல்கிறேன். எஞ்சினின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளக் குழாயை ஷாஃப்ட் என்போம். அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு யுனிவர்சல் ஜொயின்ட். கார் குழியில் இறங்கி ஏறும்போது ஷாஃப்ட் சுற்றவும் வேண்டும், வளைந்து கொடுக்கவும் வேண்டும். அதற்காக நாலு கை வைத்த ஓர் உருக்குத் துண்டு நடுவில் இருக்கும், கராஜில் அதைக் குரோஸ் என்பார்கள். நாலு கைக்கும் நாலு கிண்ணி, கிண்ணிக்குள் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். கிரீஸ் காய்ந்தால் அந்த ஊசிகள் ஒன்றையொன்று அரைத்து, சிவப்புத் தூளாக வெளியே வந்து நிற்கும். அப்புறம் கிண்ணி இருக்கும் துளையும் தேய்ந்துவிடும். அதற்கு முன்னாலேயே சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். கிளச்சை விட்டுக் கார் நகரும்போது அடியில் 'டொக்' என்று ஒன்று கேட்கும். "என்ன டிரைவர் சத்தம்?" என்று ஆட்கள் கேட்பார்கள். "டிக்கியில ஜாக் உருளுதுங்க" என்பேன். அந்த வருஷம் என் ஜாக் உருண்ட உருளலுக்கு அது பதுளைக்கே போயிருக்கவேண்டும்.

புதுக் குரோஸ் போட்டிருக்கலாம்தான். எங்கே கிடைத்தது? தின்கிற பாணுக்கே விடியற்காலையில் கியூவில் நின்ற காலம். கண்டியில் கார்ச் சாமான் கடைக்காரன், "கப்பல் வந்தா சொல்றேங்க" என்று நாலு மாதமாக அதையே சொன்னான். உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அப்போதே பஸ் டிப்போவில் ஃபிட்டர், நாளெல்லாம் குழிக்குள் நின்று பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டாண்ட் ஆட்கள் காரைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்தி, "தம்பி, ஒருக்காப் பாருங்க" என்று நிற்பார்கள். என் காரை மட்டும் நான் உன் கையில் கொடுத்ததில்லை. நான் ஸ்டியரிங் பிடித்தபோது இவன் பிறக்கவேயில்லை, இவனிடம் போய்க் கேட்பதா என்ற திமிர். அப்பன்மாருக்கு இந்த வியாதி உண்டு, மகனே. நாளைக்கு உனக்கும் வரும், அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் பார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்யாணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னால், நீ டிப்போவுக்குப் போயிருந்த ஒரு பகலில், அம்மா அடுப்படியில் போட்டிருந்த காலி டின்பால் டின்னை எடுத்துத் தகரத்தைப் பட்டை பட்டையாக வெட்டினேன். முன் ஜொயின்ட்டைக் கழற்றி, ஆடுகிற இரண்டு கிண்ணிகளையும் சுற்றி அந்தத் தகரத்தை வளைத்துக் கட்டி, சுத்தியலால் அடித்து இறக்கினேன். கையால் முறுக்கிப் பார்த்தேன். ஆஹா, அசையவில்லை! மேலே ஒரு கை நிறைய கிரீஸை அள்ளி அப்பினேன். சத்தமும் நின்றுவிட்டது. 'டிப்போவில் படிச்சவனுக்கு இந்த வித்தை தெரியுமா?' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். கையால் முறுக்கும்போது இறுகி நிற்கிற தகரம், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலையில் இழுக்கும்போது நிற்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் கிரீஸை அப்பினேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்தன்று காலை போனட்டில் என் முகம் தெரியும்வரை தேய்த்தேன். வெள்ளை ரிப்பன் கட்டினேன், கண்ணாடி நாலையும் பேப்பரால் துடைத்தேன். பத்துக் காரும் ரோட்டில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. பெண்ணை ஏற்ற, காரைப் பின்னுக்கு எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். அப்போது 'டொக்' என்றது. பத்து நாளாகக் கேட்காத சத்தம். நான் கேளாத மாதிரி இறங்கி ரிப்பனைச் சரிசெய்தேன். நீ ரெஜினாவின் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தாய். புதுக் கோட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாய். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாய், கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கினாய், ஒரு சாக்கை விரித்து அடியில் நுழைந்தாய். வெள்ளைச் சட்டையோடு, கல்யாணத்தன்று! அம்மா, "ஐயோ என்னடா இது!" என்று தலையில் கைவைத்தாள்.

வெளியே வந்து என் பக்கத்தில் நின்று மெதுவாகத்தான் சொன்னாய். "அப்பா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் வாங்க." எத்தனை மரியாதையான பேச்சு அது! நான்தான் வாசல் அதிர, "என்ன ரகசியம்? எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு!" என்று கத்தினேன். நீ இரண்டு விநாடி என்னையே பார்த்தாய். பிறகு, "முன் ஜொயின்ட் ஆடுதுங்கப்பா. இந்தக் கார் மலை ஏறக்கூடாது" என்றாய். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "இது என் காரு. கட்டிக்குடுக்கிறது என் மகள. நீ தள்ளு!" என்று கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். நீ மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். "ஓட்டுறதுன்னா ஓட்டுங்கப்பா. நான் இங்கருந்து எழும்பமாட்டேன்" என்று கீழேயிருந்து உன் குரல் வந்தது.

பத்து நிமிஷம்! அம்மா பட்டுச் சேலையோடு குனிந்து, "ராசா, வெளிய வாடா, சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு" என்று கெஞ்சினாள். ரெஜினா கதவு நிலையில் சாய்ந்து அழுதாள், போட்ட பவுடரெல்லாம் கரைந்தது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் காசிம் நானா இறங்கி வந்து, "தம்பி, நேரம் போகுது. புள்ளைய என்ட வண்டியில ஏத்துங்க" என்றார். அவர் வண்டியைத்தான் உனக்குத் தெரியுமே. வாரத்தில் மூன்று நாள் பல்லேபொலயிலிருந்து மிளகு மூட்டை ஏற்றுகிற வண்டி, உள்ளே உட்கார்ந்தாலே தும்மல் வரும். அந்த வண்டி முன்னால் போக, ரெஜினா தும்மிக்கொண்டே கல்யாணத்துக்குப் போனாள். நான் கடைசிக் காரில் பின் சீட்டில், யாருக்கோ இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்து போனேன். ஏறுவதற்கு முன், நீ அடியிலிருந்து எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாய். அந்த நிலையைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குன்னு ஒரு புள்ள இருந்திருந்தா இன்னைக்கு என் மானத்தக் காப்பாத்தியிருப்பான்" என்றேன். உன் முகம் எப்படிப் போயிற்று என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நீ வேலைக்குப் போனதும் ஜொயின்ட்டைக் கழற்றினேன். உன்னைப் பொய்யாக்கவேண்டும் என்ற வெறியோடுதான் கழற்றினேன். ஒரு கிண்ணியில் தகரம் நைந்து கிழிந்து கிடந்தது. மற்றதில் தகரமே இல்லை, ரோட்டில் எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்தேன். துணியால் குரோஸைத் துடைத்தபோது ஒரு கையின் அடியில் முடி போல ஒரு கோடு. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். முக்கால் பங்குக்கு வெடித்திருந்தது. எல்கடுவ ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அது முறிந்திருந்தால் ஷாஃப்டின் முன் நுனி ரோட்டில் விழுந்து குத்தும், சுழன்று அடித்து பிரேக் குழாயை வெட்டும். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் தேயிலைச் சரிவு. உள்ளே ரெஜினா, அம்மா, மாப்பிள்ளையின் அக்கா, அவள் மடியில் கைக்குழந்தை. மாதாவே என்று நிலத்திலேயே உட்கார்ந்தேன்.

அன்று மாலை உன் கையைப் பிடித்து இதைச் சொல்லியிருந்தால் நான் மனுஷன். நான் என்ன செய்தேன்? கண்டிக்கு ஓடி, எவனிடமோ கெஞ்சி, வேறு காரில் கழற்றிய நல்ல குரோஸ் ஒன்றை வாங்கிப் போட்டேன். வெடித்ததை ஆற்றில் வீசினேன். ஸ்டாண்டில் போய் நின்று, "கழட்டிப் பாத்தேன்யா, ஒண்ணுமே இல்ல. பஸ்ஸப் பாத்துப் பழகுன கை, சின்னக் காரத் தொட்டதும் பயந்துருச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? 'கல்யாணத்தன்னைக்குக் காருக்கடியில படுத்தவன்' என்று உனக்குப் பேரே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்த கார்கள் ஒன்று ஒன்றாக நின்றுபோயின. நல்ல காரையும் கெட்டதென்று சொல்வான் என்று பயந்தார்கள். வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நீ பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பாய். "என்னடா ஒருத்தரும் காணல?" என்று அம்மா கேட்டால், "பரவால்லம்மா, எனக்கும் ரெஸ்ட்தானே" என்பாய். நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

இன்று பஸ் ஸ்டாண்டில் சிரித்துவிட்டு என்னால் வீட்டுக்குப் போகமுடியவில்லை. அம்மாவை இறக்கிவிட்டு நேரே எல்கடுவவுக்கு ஏறினேன். முதலில் ரெஜினாவிடம் சொல்லவேண்டும், அவளுக்குத்தான் அன்றைக்கு அவமானம் என்று நினைத்தேன். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், கிரீஸ், வெடிப்பு, ஆற்றில் வீசியது, ஸ்டாண்டில் சொன்ன பொய், ஒன்று விடவில்லை. அவள் அழுவாள், இல்லை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, "வெடிப்பு மட்டும்தாம்பா எனக்குப் புதுசு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டினாள். "அண்ணன் கையப் பாருங்க." படத்தில் எல்லாரும் கையைத் தொங்கவிட்டு நிற்க, நீ மட்டும் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாய். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்ன திமிர் இவனுக்கு என்று நான் பல்லைக் கடித்திருக்கிறேன். ரெஜினா சொன்னாள்: "நான் கோயில்ல பின் ரூம்ல வச்சு அண்ணனோட சண்ட புடிச்சேன்பா. ஏண்ணே என்னை இப்படி அழவச்சேன்னு கேட்டேன். அப்ப பாக்கெட்லருந்து எடுத்துக் காட்டினான். டின்பால் தகரம். அதுல நீல எழுத்துக்கூட அப்படியே இருந்துச்சு. உருவுறப்போ விரலயும் வெட்டிருச்சு, லேஞ்சித் துணியச் சுத்தியிருந்தான். அம்மா அடுப்படி டின்னுன்னு பாத்தவொடனே தெரிஞ்சுது. 'யாருட்டயும் சொல்லாத. தகரம் வச்சு ஆளேத்துனாருன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் அப்பா கார்ல ஏறமாட்டான். என்னைச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுக'ன்னான்."

மகனே, நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை வந்து என் சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வாசலில் அத்தனை பேர் முன்னால் நான் உன்னைச் சொல்லவைக்கப் பார்த்தேன். உன் கைக்குள் என்னைக் கவிழ்க்கிற சாமான் இருந்தது. 'இந்தா பாருங்க இவர் செஞ்ச வேலய' என்று கையை விரித்திருந்தால் போதும், எல்லாரும் உன் பக்கம் வந்திருப்பார்கள். நீ கையை மூடிக்கொண்டாய். காரையும் நிறுத்திவிட்டாய், என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தையையும் வாங்கிக்கொண்டு, வெட்டுப்பட்ட விரலோடு தங்கச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றாய். ஆறு வருஷமும் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டாய், ஒரு நாள் கூட ஒரு ஜாடைப் பேச்சு இல்லை. இப்படி ஒரு பிள்ளையை நான் எப்படிப் பெற்றேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அம்மா பக்கத்து ரத்தமாகத்தான் இருக்கவேண்டும், என் பக்கத்தில் இவ்வளவு பொறுமைக்கு ஆளில்லை.

இறங்கி வந்து நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். மத்தியானம், எல்லாரும் மரத்தடியில்தான் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். முதலில் பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினார்கள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். தகரம் என்றதும் ஒருவன், "அடப் பாவி மனுசா! பெத்த மகள ஏத்திக்கிட்டா?" என்றான். ஆமாம் என்றேன். மாதாமாதம் என் காரிலேயே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற கடைக்கார ஐயா, அங்கே நின்று கேட்டவர், பக்கத்துக் காரில் ஏறிப் போனார். நீ பயந்தது சரிதான். போகட்டும், அது நான் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே இழந்திருக்கவேண்டிய ஹயர். காசிம் நானா தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிக்கொண்டு, "காலையில கூட அந்தப் புள்ளையச் சிரிச்சேனே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தன் வண்டிக்கு அடியில் நுழைந்தார். மற்றவர்களும் போனார்கள். பயணிகள் வந்து நின்று டிரைவரைத் தேடினால், பார்த்த இடமெல்லாம் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்தான். காசிம் நானா அடியிலிருந்தே, "தம்பி! மகன் நத்தார் பெருநாளுக்கு வருவாரா? என்ட பின் ஜொயின்ட்ட ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க" என்று கத்தினார். "அவரு இப்ப எக்ஸாமினர், கண்ட காரையெல்லாம் சும்மா பாக்கமாட்டாரு" என்று நானும் கத்தினேன். பெருமை என்னை விடுமா?

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பன் இல்லையா, இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டால் சோறு செரிக்காது. அங்கே நிறைய பேர் போனட்டைத் தேய்த்துக்கொண்டு வந்து உன் முன்னால் நிற்பார்கள். புதுக் கிரீஸ் மினுங்குகிற இடத்தைத் துடைத்துப் பார். நீ கேட்காமலே 'ஜாக் உருளுது' என்று சொல்கிறவனின் காருக்கு அடியில் இரண்டு தடவை படு. காரை நிறுத்தவேண்டியிருந்தால் ஆளைத் தனியே கூப்பிட்டுச் சொல், அது உனக்குத் தெரிந்த வழிதான். என்னைப் போல ஒருவன், இங்கேயே சொல்லு என்று கத்துவான். கத்தட்டும். அவன் வீட்டில் ஒரு பெண் பிள்ளை அந்தக் காரில் ஏறக் காத்திருப்பாள். வேளைக்குச் சாப்பிடு. அங்கே வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடி. ஞாயிறு பூசையை விடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

இதை ஒட்டுவதற்கு முன் நாளைக்கு ஸ்டாண்டில் வாசித்துக் காட்டப்போகிறேன். மன்னித்துக்கொள் என்று இதுவரை நான் உன்னிடம் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன், மகனே, அப்பாவை மன்னித்துக்கொள். பதில் எழுதுவாய், எனக்குத் தெரியும். ஆனால் 'பரவால்லப்பா' என்று மட்டும் எழுதிவிடாதே. இவ்வளவு நாள் மூடி வைத்தது போதும். இந்த ஒரு தடவை, என்னைக் கோபித்து, திட்டி, மனதில் உள்ள அத்தனையையும் எழுது. பேப்பர் போதாவிட்டால் இன்னும் வாங்கு. எத்தனை பக்கம் வந்தாலும் உட்கார்ந்து வாசிப்பேன்.

மாத்தளையில் எல்லாரிடமும் இனி உன்னைப் பற்றி மட்டுமே பேசப்போகிற,
உன் அப்பா